வேறு வகை இரத்தம் ஏறினால் சிறுநீரகம் என்னாகும்?



“டிரெசரையா, எங்க அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தப் போறாங்களாம். கையெழுத்துப் போடலாமா?” தோட்டத்துக் கிளினிக்கில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி ஆண்டில் சில தடவையாவது வந்துவிடும். எல்லார் கையிலும் கைப்பேசி வந்த பிறகு நள்ளிரவிலும் வருகிறது. டாக்டர் வேண்டுமென்று சொன்னால் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பிள்ளைப் பேற்றில் இரத்தம் நிற்காமல் போகிற தாய், மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடை எலும்பு முறிந்தவர், வயிற்றுப் புண் வெடித்து இரத்த வாந்தி எடுப்பவர் ஆகியோருக்கு அந்த ஒரு பையைவிடப் பெரிய மருந்து கிடையாது.

ஆனால் கேட்பவர் அத்தோடு விடமாட்டார். “பக்கத்து டிவிஷன்ல ஒருத்தருக்கு மாத்தி ஏத்தி, ரெண்டு கிட்னியும் போயிடுச்சாமே?” என்று இழுப்பார். இந்த மாதிரிக் கதைகளில் பாதி, லயத்து வாசலில் வளர்ந்த கதை. ஆனாலும் அடிப்படையில் ஓர் உண்மை இருக்கிறது. வகை ஒவ்வாத இரத்தம் உடம்பில் ஏறினால் பலமாக அடி வாங்கும் உறுப்புகளில் சிறுநீரகம் ஒன்று. அது எப்படி நடக்கிறது, எதனால் நடக்கிறது, அதைத் தடுப்பதில் நமக்கு என்ன வேலை என்பதை இந்த மாதம் பார்ப்போம். கட்டிலில் படுத்துக் கிடப்பவருக்கும் வேலையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

இரத்தத்தில் நாலு வகை

பார்வைக்கு எல்லார் இரத்தமும் சிவப்புத்தான். அதில் மிதக்கும் சிவப்பணுக்களின் மேல் தோலில்தான் வித்தியாசம் இருக்கிறது. 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்பவர், தம்முடன் வேலை செய்தவர்களின் இரத்தத்தை ஒன்றோடு ஒன்று கலந்து பார்த்தார். சிலருடைய இரத்தம் ஒன்றாகக் கலந்தது. சிலருடையது திரித் திரியாகக் கட்டிக்கொண்டது. இதை வைத்துத்தான் ஏ, பி, ஓ என்று வகை பிரித்தார். ஏபி என்ற நாலாவது வகையை அடுத்த ஆண்டில் வேறு இருவர் கண்டார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காக லாண்ட்ஸ்டைனருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அது வரைக்கும் இரத்தம் ஏற்றுவது சூதாட்டம் மாதிரி. 1818இல் லண்டனில் பிளண்டல் என்ற பிரசவ மருத்துவர் முதன்முதலாக மனித இரத்தத்தை மனிதருக்கு ஏற்றினார். பிறகு பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய்மார்களுக்கும் ஏற்றிப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் போய்விட்டார்கள். எதனால் என்று அவருக்கே தெரியாது.

சிவப்பணுவின் மேல் ஏ என்ற அடையாளம் இருந்தால் ஏ வகை. பி இருந்தால் பி வகை. இரண்டும் இருந்தால் ஏபி. இரண்டும் இல்லாவிட்டால் ஓ. இதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. நம் இரத்த நீரில் ஜாகா மாதிரி ஒரு காவல்காரரும் இருக்கிறார். தன் தோட்டத்து ஆளை ஒன்றும் செய்யமாட்டார். தெரியாத அடையாளத்தோடு யாராவது கேட்டைத் தாண்டினால் உடனே பிடித்துவிடுவார். ஏ வகைக்காரரின் உடம்பில் பி-யை எதிர்க்கும் காவல்காரர். பி வகைக்காரரிடம் ஏ-யை எதிர்ப்பவர். ஓ வகைக்காரரிடம் இரண்டு பேரும் உண்டு. ஏபி-யில் இரண்டு பேருமே இல்லை. இந்தக் காவல்காரர்கள் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடுகிறார்கள். முன்னே பின்னே இரத்தம் ஏற்றிக்கொண்டிராதவருக்கும் இருப்பார்கள். அதனால் முதல் தடவைதானே என்ற சலுகை கிடையாது.

எனவே ஓ வகைக்காரர் சிவப்பணுவை ஓ-விடமிருந்து மட்டுமே வாங்கலாம். ஏ வகைக்காரருக்கு ஏ-யும் ஓ-வும் ஆகும். பி வகைக்காரருக்கு பி-யும் ஓ-வும் ஆகும். ஏபி-க்கு எல்லாம் ஆகும். நம்மவர்களில் ஓ-வும் பி-யும் நிறைய. ஓ வகைக்காரர் யாருக்கும் கொடுக்கலாம் என்பதைக் கேட்டுவிட்டு, “எனக்கு எதுவும் ஒத்துக்கும்” என்று திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுப்பதில் தாராளம், வாங்குவதில் ஓ-வைப் போல் கறாரான வகை வேறு கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இரத்தம் தேவை என்றால் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரும் வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்கிறோம். அந்தப் பாசத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் “என் சொந்த ரத்தம்தானே, அப்படியே ஏத்துங்க” என்று வாதாடக்கூடாது. அப்பா ஏ, அம்மா பி என்றால் பிள்ளை ஓ-வாகவும் பிறக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பெற்ற அப்பனின் இரத்தமும் ஆகாது, அம்மாவின் இரத்தமும் ஆகாது. முகம் தெரியாத ஒரு மலாய்க்காரரோ சீனரோ கொடுத்த ஓ இரத்தம்தான் ஆகும். நம் நாட்டில் இரத்தத்தைக் காசுக்கு வாங்குவதில்லை. தானமாகக் கொடுத்த இரத்தத்தைப் பரிசோதித்து வைத்திருந்து, நோயாளியின் இரத்தத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள். வந்த சொந்தக்காரர்கள் தானம் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். அது வேறு யாராவது ஒருவருக்கு உதவும்.

ரீசஸ் என்ற பாசிட்டிவ், நெகட்டிவ் விவகாரம் தனி. இந்திய வம்சாவளியினரில் 100க்கு ஏறக்குறைய 5 பேர் நெகட்டிவ். மலாய்க்காரர், சீனரிடையே 100க்கு 1 கூட இல்லை. நெகட்டிவ் என்று தெரிந்த பெண்கள் கர்ப்பக் காலத்தில் கிளினிக்கில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கென்று ஓர் ஊசி உண்டு. இந்த அளவில் அதை நிறுத்திக்கொள்கிறேன்.

சல்லடையில் கட்டி விழுந்தால்

சரி, ஓ வகைக்காரருக்குத் தவறாக ஏ இரத்தம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காவல்காரர்கள் புதிதாக வந்த சிவப்பணுக்களைச் சூழ்ந்து பிடிக்கிறார்கள். இரத்தத்தில் உள்ள வேறு சில பொருள்கள் உதவிக்கு வந்து அந்த அணுக்களில் ஓட்டை போடுகின்றன. அணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன. இதற்கு மணிக்கணக்கு வேண்டாம், நிமிடக்கணக்கு போதும். முழுப் பையும் ஏறியிருக்க வேண்டுமென்பதும் இல்லை. சில தேக்கரண்டி அளவு ஏறியதுமே சிலருக்கு ஆரம்பித்துவிடும். ஆனால் எவ்வளவு அதிகம் ஏறுகிறதோ அவ்வளவு அதிகம் கேடு.

சிவப்பணுவுக்குள் இருக்கும் சிவப்புச் சாயத்தின் பெயர் ஹீமோகுளோபின். அணுவுக்குள் இருக்கும் வரை அது பிராண வாயுவைச் சுமக்கும் நல்ல வேலைக்காரன். வெளியே கொட்டிவிட்டால் விஷம் மாதிரி. கொஞ்சம் கொட்டினால் அள்ளிக்கொண்டு போக இரத்தத்தில் ஒரு பொருள் இருக்கிறது. மொத்தமாகக் கொட்டினால் அதனால் சமாளிக்க முடியாது. மிச்சமெல்லாம் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேருகிறது.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஸ்டோரில் பாலை ஊற்றும்போது சல்லடை வைத்து ஊற்றுவோம். நல்ல பால் என்றால் சரசரவென்று இறங்கும். மழைத் தண்ணீர் பட்டோ, நேரமாகியோ பால் உறைந்து கட்டி விழுந்திருந்தால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும். நம்முடைய ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் மிக நுண்ணிய சல்லடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சல்லடையின் கீழும் ஒரு மெல்லிய குழாய். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றரை லிட்டர் அளவுக்கு மூத்திரமாக வெளியே விடுகின்றன. அந்தக் குழாய்களுக்குள் ஹீமோகுளோபின் கட்டிகட்டியாக உறைந்து வழியை அடைக்கிறது.

ஆனால் இது வெறும் அடைப்பு மட்டுமல்ல. சல்லடையை அலசினால் சரியாகிவிடும், சிறுநீரகம் அப்படியல்ல. அந்தச் சாயத்தில் உள்ள இரும்பு, குழாயின் உள்சுவரில் இருக்கும் அணுக்களையே புண்ணாக்கிவிடுகிறது. சாயம் வெளியே கொட்டியதால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதே சமயத்தில் உடம்பு முழுவதும் அதிர்ச்சியில் இரத்த அழுத்தம் சரிந்துவிடுகிறது. ஆக, சிறுநீரகத்துக்கு விஷமும் வருகிறது, அதைத் தாங்குவதற்கு வேண்டிய இரத்தமும் குறைகிறது. இப்படி இரண்டு பக்கமும் அடி விழும்போது அது வேலை நிறுத்தம் செய்யாமல் என்ன செய்யும்?

இதன் முக்கியமான அடையாளம் மூத்திரத்தின் நிறம். சிவப்பாக, அல்லது கோப்பி ஓ மாதிரிக் கறுப்பாகப் போகும். இந்த அடையாளத்தை உலகம் முதன்முதலில் எழுதி வைத்தது 350 வருடங்களுக்கு முந்தி. 1667 டிசம்பரில் பாரிஸ் நகரத்தில் ழான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர், புத்தி பேதலித்துத் திரிந்த மோருவா என்ற மனிதருக்குக் கன்றுக்குட்டியின் இரத்தத்தை ஏற்றினார். சாந்தமான மிருகத்தின் இரத்தம் மனிதனையும் சாந்தமாக்கும் என்று நம்பிய காலம் அது. இரண்டாம் தடவை கூடுதலாக ஏற்றியபோது அந்த மனிதருக்குக் கை சுட்டது, வேர்த்துக் கொட்டியது, சிறுநீரகம் இருக்கும் இடத்தில் இடுப்பு வலித்தது, வாந்தி வந்தது. மறுநாள் காலையில் அடுப்புக் கரியைக் கரைத்த மாதிரிக் கறுப்பாக மூத்திரம் போனார். அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். அடுத்த சில வாரங்களில், இன்னொரு தடவை ஏற்ற முயன்ற பிறகு, இறந்துபோனார். வழக்கு நீதிமன்றம் வரை போய், கடைசியில் பிரான்சில் இரத்தம் ஏற்றுவதையே தடுத்துவிட்டார்கள். டெனி எழுதி வைத்த அந்தக் குறிகள்தாம் இன்றைக்கும் நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் குறிகள்.

“ரத்தம் ஏத்தினா குளிரும், அது சகஜம்”

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்துக் கட்டில்காரம்மா சொல்லுவார், பார்க்க வந்த சின்னம்மா சொல்லுவார், நோயாளியும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். குளிர்பெட்டியில் வைத்திருந்த இரத்தம்தானே, குளிரத்தான் செய்யும் என்று ஒரு நியாயமும் சொல்லுவார்கள்.

உண்மைதான், இரத்தம் ஏறும்போது இலேசான காய்ச்சலும் குளிரும் வருவது உண்டு. பெரும்பாலும் அது ஆபத்தில்லாத வகைதான். ஆனால் வகை மாறிய இரத்தமும் அதே குளிரோடுதான் தொடங்குகிறது. முதல் 5 நிமிடத்தில் இரண்டையும் பார்த்துப் பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியாது. அதனால்தான், எந்தக் குளிராக இருந்தாலும் முதலில் இரத்தத்தை நிறுத்து, பிறகு பார் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னால்தானே அவர்கள் நிறுத்துவார்கள்?

குளிர் நடுக்கம், காய்ச்சல், ஊசி ஏறிய கை வழியாக எரிச்சல், இடுப்பிலும் முதுகிலும் வலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, காரணமே இல்லாமல் “எனக்கு என்னமோ ஆகப் போகுது” என்ற பயம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கூப்பிடுங்கள். அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மருத்துவப் புத்தகத்திலேயே அது ஒரு குறியாக எழுதப்பட்டிருக்கிறது. முதல் 15 நிமிடம் மிக முக்கியம். அந்த நேரத்தில் சாப்பாடு வாங்கப் போகாமல் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

மலாய் சரியாக வராத வயதான அம்மாமார்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “மிஸ்ஸி, சாயா செஜோக்” என்றால் எனக்குக் குளிர்கிறது. “பிங்காங் சாக்கிட்” என்றால் இடுப்பு வலிக்கிறது. “சூசா நாஃபாஸ்” என்றால் மூச்சுவிட முடியவில்லை. “ஆயர் கென்சிங் மேரா” என்றால் மூத்திரம் சிவப்பாகப் போகிறது. இலக்கணம் பார்க்கவேண்டாம், சத்தமாகச் சொன்னால் போதும். மிஸ்ஸி கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்காதீர்கள். நடுச்சாமமானாலும் கூப்பிடுங்கள்.

நீங்களே ஊசியைப் பிடுங்கிவிடாதீர்கள். அந்த ஊசி வழியாகத்தான் அடுத்து மருந்தும் உப்புத் தண்ணீரும் போக வேண்டும். மிஸ்ஸி வந்து இரத்தத்தை மட்டும் அடைத்துக்கொள்வார். மூத்திரம் நிறம் மாறியிருந்தால் கொட்டாமல் காட்டுங்கள். பீட்ரூட் தின்றாலும் சிவக்கும், காசநோய் மாத்திரை சாப்பிட்டாலும் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது எதனால் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் முடிவு கட்ட வேண்டாம். ஆபரேஷன் மேசையில் மயக்கத்தில் இருப்பவரால் எதையும் சொல்ல முடியாது. அங்கே அழுத்தம் குறைவதையும் மூத்திரப் பை சிவப்பதையும் வைத்துத்தான் டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

தவறு இரத்தத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வகை மாறுவது எதனால்? இரத்தத்தைச் சோதிக்கிறவருக்கு வேலை தெரியாததால் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நல்ல இரத்தம்தான், சரியாகச் சோதித்த இரத்தம்தான், ஆனால் ஆள் மாறிப் போகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 1990களை ஒட்டிய 10 ஆண்டுகளின் கணக்கை எடுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 38,000 பைக்கு ஒன்று, வகை ஒவ்வாத ஆளுக்கு ஏறியிருந்தது. உயிர் போனது ஏறக்குறைய 18 இலட்சம் பைக்கு ஒன்று. இதைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிகிறது அல்லவா? ஆனால் அந்தத் தவறுகளில் பாதிக்கு மேல் இரத்த வங்கிக்கு வெளியே நடந்தவை. கட்டில் பக்கத்தில் நோயாளி யார் என்று சரியாகப் பார்க்காமல் விட்டதுதான் அதில் பெரும் பகுதி.

நம் தோட்டத்து ஆட்களிடம் பெயர்க் குழப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வார்டில் இரண்டு லெட்சுமி, மூன்று முனியம்மா இருப்பார்கள். ஐசியில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது பாப்பா. பிறப்புப் பத்திரம் எழுதிய கிராணி காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து. அக்காவுக்கு ஒரு மாதிரி, தங்கைக்கு வேறு மாதிரி. அப்பா பெயரிலும் எங்கே பார்த்தாலும் முனியாண்டி, ஆறுமுகம்.

இதற்கு மேல் நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. “நீங்கதானே லெட்சுமி?” என்று கேட்டால் காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும் தலையாட்டிவிடுவோம். வெள்ளைச் சட்டைக்கு முன்னால் மறுப்புச் சொல்லிப் பழகாதவர்கள் நாம். காய்ச்சலில் அரைக் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறவர் வேறு என்ன செய்வார்? ஆகவே யார் வந்து கேட்டாலும், ஆமாம் என்று சொல்லாதீர்கள். ஐசியில் உள்ள முழுப் பெயரையும், அப்பா பெயரையும், ஐசி எண்ணையும் நீங்களே வாயால் சொல்லுங்கள். பெயர் ஒன்றாக இருக்கலாம், அப்பா பெயரும் ஒன்றாக இருக்கலாம், 12 இலக்க ஐசி எண் இருவருக்கு ஒன்றாக இருக்காது. படிக்காத அம்மாமார்கள் கடைசி 4 எண்ணையாவது பேரப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாடமாக்கிக் கொள்ளுங்கள். பேச முடியாத நிலையில் இருப்பவருக்காக, கூட இருப்பவர் சொல்ல வேண்டும்.

இது இரண்டு நேரத்தில் நடக்க வேண்டும். சோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது ஒரு தடவை. எடுத்த குப்பியில் உங்கள் பெயரை உங்கள் கட்டில் பக்கத்திலேயே எழுதுகிறார்களா, ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். நாலு பேருடைய குப்பிகளைக் கையில் அள்ளிக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்து எழுதுவது நல்ல முறையல்ல. அங்கே பெயர் மாறினால் பிறகு வருகிற ஒவ்வொரு சோதனையும் தவறின் மேல் சரியாகவே நடக்கும். அடுத்தது, பையைத் தொங்கவிடும்போது. கையில் கட்டிய பட்டையையும் பையில் உள்ள சீட்டையும் இரண்டு பேர் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்களும் எட்டிப் பார்க்கலாம், குற்றமில்லை.

எனக்குத் தெரிந்த செம்பனைத் தோட்டத்து அம்மா ஒருவருக்குக் கர்ப்பப்பையில் இரத்தப் போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாலை நேரத்தில் பை வந்தது. பக்கத்தில் இருந்த மகள் ஐந்தாம் படிவம் படிப்பவள். அம்மாவின் கைப்பட்டையையும் பையையும் பார்த்துவிட்டு, “மிஸ்ஸி, பேரு சரி, ஐசி நம்பர் வேற” என்றாள். பார்த்தால் அது அதே பெயருள்ள வேறொரு வார்டு அம்மாவுக்கு வந்த பை. மிஸ்ஸிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று என்னைக் கேட்காதீர்கள். ஆள் குறைவாக, இரவு பகல் ஓடுகிற எந்த வார்டிலும் இது நடக்கக்கூடியதுதான்.

“இப்பதானே ரத்தம் எடுத்தீங்க, மறுபடியும் எதுக்கு உறிஞ்சுறீங்க?” என்று சண்டை போடவும் வேண்டாம். முதல் குப்பியில் ஆள் மாறியிருந்தால் இரண்டாவது குப்பி காட்டிக் கொடுத்துவிடும். அதற்காகத்தான் எடுக்கிறார்கள். ஒரு குப்பியில் போவது ஒரு தேக்கரண்டி அளவுதான்.

கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐசி இல்லாதவர்கள், சிவப்பு ஐசிக்காரர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பணம் அதிகமாகும் என்று பயந்து, அக்காவின் ஐசியைக் காட்டித் தங்கையைச் சேர்க்கிற காரியம் அங்கங்கே நடக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவில் அக்கா பி, தங்கை ஓ என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல ஆஸ்பத்திரியில் மறுபடி சோதிக்கிறபோது குட்டு உடைந்துவிடும். அவசரத்தில் பழைய பதிவை நம்பிவிட்டால்? இன்றைக்குத் தப்பினாலும், அந்தப் பதிவில் தங்கையின் வகை ஏறிக் கிடந்தால், அடுத்த வருடம் அக்கா உண்மையாகவே போகும்போது அவருக்கு ஆபத்து. பணப் பிரச்சினையைப் பிறகு பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் சமூக நல அதிகாரியும் இருக்கிறார், கிளைச் செயலாளரும் இருக்கிறார். டாக்டரிடம் ஆள் யார் என்ற உண்மையை மறைக்காதீர்கள்.

ஒருவேளை நடந்துவிட்டால்

இரத்தத்தை உடனே நிறுத்தி, குழாயை மாற்றி, உப்புத் தண்ணீர் ஏற்றி, மூத்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி பார்ப்பார்கள். பையையும் புதிதாக எடுத்த இரத்தத்தையும் வங்கிக்குத் திருப்பி அனுப்புவார்கள். கொஞ்சம்தான் ஏறியது, சீக்கிரம் நிறுத்தினார்கள் என்றால் சிறுநீரகம் பெரும்பாலும் தப்பித்துவிடும். நிறைய ஏறிவிட்டால் ஒரு நாளைக்கு 400 மில்லிலிட்டர் கூட மூத்திரம் வராமல் போகலாம். உடம்பு வீங்கும், கழிவு இரத்தத்தில் சேரும். அப்போது டயாலிசிஸ் செய்வார்கள்.

டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள். நாம் பார்த்துப் பழகியதெல்லாம் இனிப்பு நீரால் வருடக்கணக்கில் கெட்டுப்போன சிறுநீரகங்கள். அவை திரும்புவதில்லை, அதனால் டயாலிசிஸ் ஆயுளுக்கும் தொடர்கிறது. இது வேறு. நல்லா இருந்த சிறுநீரகம் திடீரென்று அடி வாங்கிப் படுத்திருக்கிறது. குழாயின் உள்சுவர் மறுபடி வளரும். ஒன்றிரண்டு வாரம், சில பேருக்கு அதற்கு மேலும், இயந்திரம் அதன் வேலையைப் பார்க்கும். பிறகு பலருக்கு மூத்திரம் திரும்ப வந்துவிடும். எல்லாருக்கும் முழுசாகத் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். முதலிலேயே சிறுநீரகம் பலவீனமாக இருந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கஷ்டம்.

அந்த நாட்களில் சொந்தக்காரர்கள் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. மூத்திரம் வரவில்லை என்று கேட்டதும் இளநீர் வெட்டிக் கொண்டுபோய் ஒளித்து ஊட்டுவார்கள். சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில் தண்ணீர் என்று போத்தலில் அடைத்துக்கொண்டு வருவார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இளநீர் குளிர்ச்சிதான். வேலை நிறுத்திய சிறுநீரகத்துக்கு அது விஷம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய இருக்கிறது. அதை வெளியே தள்ளச் சிறுநீரகம் இல்லாதபோது இரத்தத்தில் ஏறி, இருதயத்தையே நிறுத்திவிடும். டாக்டர் அளந்து கொடுக்கும் தண்ணீருக்கு மேல் ஒரு மடக்கும் வேண்டாம். கடையில் வாங்கிய வலி மாத்திரையும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் கவனமாக இருங்கள். முன்பே பிள்ளை பெற்றவர்கள், முன்பே இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் சிலருக்கு, ஏ, பி அல்லாத வேறு சிறு அடையாளங்களை எதிர்க்கும் காவல்காரர்கள் உருவாகி, பிறகு அளவு குறைந்து மறைந்திருப்பார்கள். சோதனையிலும் அகப்படமாட்டார்கள். இரத்தம் ஏறிய பிறகு மெல்ல விழித்துக்கொண்டு, சில நாள் கழித்து அணுக்களை உடைப்பார்கள். கண் மஞ்சளாகும், மூத்திரம் கருக்கும், ஏறிய தெம்பு இறங்கிவிடும். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்காமல், “இன்ன தேதியில ரத்தம் ஏத்தினாங்க” என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். இப்படி ஓர் எதிர்ப்பு இருப்பதாக ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து அட்டையோ கடிதமோ கொடுத்தால், அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். ஐசியோடு சேர்த்துப் பர்சில் வைத்து, அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இரத்தம் எடுப்பதற்கு முன்னால் காட்டுங்கள்.